பாக்கர் பாயைத் தூக்கிலிடாதே!

1993 செப்டம்பரில் டாக்கா தெருக்களில் ஊர்வலங்கள் கிளம்பின. வங்கதேசத்துக்கு ஊர்வலம் புதிதல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத்தை மக்கள் தெருவில் இறங்கிப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். ஆனால் இந்த முறை கோரிக்கையே வேறு. பாக்கர் பாயைத் தூக்கில் போடக் கூடாது. அவருக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு வீடு தீ எரியும் என்று கோஷம் எழுந்தது. சுவரொட்டிகளும் ஒட்டப்பட்டன. பாக்கர் பாய் என்று எந்தச் சிறையிலும் யாரும் இல்லை. வங்கதேச அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த ‘கோத்தாவ் கேவு நேய்’ என்ற தொடரின் கதாபாத்திரம் அவர். அந்தப் பெயருக்கு ‘எங்கும் யாருமில்லை’ என்று பொருள்.

தொடரை எழுதியவர் ஹுமாயூன் அகமது. டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தவர், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பாலிமர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். நாவலாக எழுதிய கதையைத்தான் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். பர்கத் உல்லா இயக்கினார். பாக்கராக நடித்தவர் அசாதுஸ்ஸமான் நூர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, 2014இல் நாட்டின் பண்பாட்டுத் துறை அமைச்சராகவும் ஆனார். அமைச்சரான பிறகும் பலருக்கு அவர் பாக்கர் பாய்தான்.

பாக்கர் ஒரு பேட்டை ரவுடி. வேலைவெட்டி கிடையாது. கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி, ஒரு மோட்டார் சைக்கிள். பேசும்போதெல்லாம் சாவிச் சங்கிலியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார்; சுற்றிச் சுற்றி விரலோடு ஒட்டிக்கொண்டதும் அப்படியே எதிர்த்திசையில் அவிழ்ப்பார். பதி, மஜ்னு என்று கூடவே இரண்டு கூட்டாளிகள். 1949இல் வந்த ‘பர்சாத்’ படத்தின் ‘ஹவா மே உட்தா ஜாயே’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் மூவருக்கும் அலுப்பே கிடையாது. இப்படிப்பட்டவரை மக்களுக்கு ஏன் பிடித்தது? தெருவில் யாருக்காவது ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பவர் அவர். அதே பகுதியில் மாமா வீட்டில் வாழும், வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் முனா என்ற பெண்ணின் முன்னால் மட்டும் அந்த மிடுக்கெல்லாம் கரைந்துவிடும். முனாவாக நடித்தவர் சுபர்ணா முஸ்தபா. அவர் ஒரு சொல் அதட்டினால் நூரின் விரலில் சங்கிலி நின்றுவிடும். அந்த நிற்றலைப் பார்க்கத்தான் ஒரு நாடே உட்கார்ந்திருந்தது என்றால் அது மிகையாகாது.

பேட்டைக்குள் குடிவந்த ஒரு செல்வாக்குள்ள பெண்மணியின் வீட்டில் நடக்கும் தொழிலைப் பாக்கர் எதிர்க்கிறார். அந்தப் பெண்மணி நாய்கள் வளர்ப்பவர். அதனால் அவருக்கு ‘நாய்க்காரி’ என்றே பெயர். பகை முற்றுகிறது. அந்த வீட்டுக் காவலாளியின் கொலை பாக்கர் தலையில் விழுகிறது. மிரட்டலுக்குப் பணிந்து கூட்டாளி பதியே பொய்ச்சாட்சி சொல்கிறார். வழக்கறிஞராக வந்த ஹுமாயூன் ஃபரீதி நீதிமன்றத்தில் எவ்வளவோ வாதாடுகிறார். தீர்ப்பு தூக்கு.

வழக்கு நடந்த பகுதிகள் முழுவதும் பார்த்தவர்களுக்கும் இந்தத் தீர்ப்பு எதிர்பாராததாகவே இருந்தது. தொலைக்காட்சிக் கதைக்கென்று எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. குற்றமற்றவன் கூண்டில் நின்றால் கடைசி நேரத்தில் ஒரு சாட்சியோ கடிதமோ வந்து அவனைக் காப்பாற்றிவிடும். அந்தக் கடைசி நேரத்துக்காகவே மக்கள் பொறுத்திருந்தார்கள். அது வராது போலிருக்கிறது என்று தெரிந்ததும் தெருவுக்கு வந்தார்கள்.

ஹுமாயூன் அகமது முடிவை மாற்றவில்லை. நாவலில் நடந்ததே திரையிலும் நடந்தது. விடியற்காலையில் சிறை வாசலில் பாக்கரின் உடலைப் பெற்றுக்கொள்ள முனா மட்டும் நிற்கிறார். அன்றிரவு டாக்கா வீதிகள் வெறிச்சோடிக் கிடந்ததாக அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்கிறார்கள். எழுத்தாளரின் வீட்டை நோக்கிக் கூட்டம் வந்தது. பாக்கர் பாயின் பெயரால் பிரார்த்தனைகளும் நடந்தன. பதியாக நடித்த அப்துல் காதர் நல்ல நகைச்சுவை நடிகர். ஆனால் அந்தப் பொய்ச்சாட்சிக்காக வெளியில் கண்டவர்களிடம் ஏச்சு வாங்கினார். 2020 டிசம்பரில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் பதியின் பெயர் தவறாமல் இடம்பெற்றது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பாவம், கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத மக்கள் என்று முடிவுகட்டுவது சுலபம். பல கட்டுரைகள் அப்படித்தான் முடிவுகட்டியிருக்கின்றன. அது தவறு, அவமதிப்பும் கூட. கூட்டம் தேடிப்போனது எழுத்தாளரின் வீட்டை. சிறைச்சாலையை அல்ல. கோஷத்தில் நாய்க்காரியிடம் பதில் கேட்டவர்களுக்கும் பேனா யார் கையில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் வைத்தது கருணை மனு. ஆள் கற்பனை என்பதாலேயே, மனு ஏற்கப்படக்கூடிய ஒரே இடம் எழுத்தாளரின் மேசை என்று சரியாகக் கணித்திருந்தார்கள்.

அந்த மேசைக்கு முன்பும் மனு போயிருக்கிறது. 1985இல் அவர் எழுதிய முதல் பெரிய தொடர் ‘ஏய் ஷொப் தின் ராத்ரி’. மகள்களுக்கு வண்ணத் தொலைக்காட்சி வாங்கிக்கொடுக்கப் பணம் தேவைப்பட்டதால்தான் அதை எழுத ஒப்புக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதில் டுனி என்ற சிறுமிக்குப் புற்றுநோய். டுனியைச் சாகவிடாதீர்கள் என்று நாடெங்குமிருந்து கெஞ்சல்கள் வந்தன. டுனி இறந்தாள். பாக்கருக்காகத் தெருவில் இறங்கிய பலர் டுனிக்காக அழுதவர்கள். இந்த எழுத்தாளர் இரக்கப்பட்டு விடமாட்டார் என்பது அவர்களுக்குப் பழைய அனுபவம். அதனால்தான் இம்முறை கெஞ்சலோடு நிற்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1993இல் வங்கதேசத்தில் இருந்தது ஒரே தொலைக்காட்சி, அதுவும் அரசுடையது. தனியார் அலைவரிசை வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஒரு பகுதி ஒளிபரப்பானால் மாடி வீட்டிலும் டீக்கடையிலும் ஒரே நேரத்தில் ஒரே முகம் தெரியும். மறுநாள் பேச்சும் ஒன்றுதான். போதாததற்கு அது நீதியைப் பற்றி நாடே கொதித்துக்கொண்டிருந்த காலம். 1992 மார்ச் 26 அன்று டாக்காவின் சுஹ்ராவர்தி பூங்காவில் ஜஹானாரா இமாம் தலைமையில் மக்கள் நீதிமன்றம் கூடியது. 1971 விடுதலைப் போரின்போது இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக ஜமாத்-இ-இஸ்லாமித் தலைவர் குலாம் ஆசமைப் பல்லாயிரம் பேர் முன்னிலையில் விசாரித்தது. குற்றவாளிகள் தப்பித்துவிட்டார்கள் என்ற ஆற்றாமை ஊறியிருந்த நாட்டில், ஒரு நிரபராதி தூக்குமேடை ஏறுவதைக் காட்டினால் அது வெறும் நாடகமாக எப்படி நிற்கும்?

ஆக, டாக்காவில் துக்கம் ஊர்வல வடிவம் எடுத்தது. வேறு ஊர்களில் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. ஒரு சமூகம் நிஜமான சாவுக்கும் நிஜமான அநீதிக்கும் எந்த வழிகளைக் கைவசம் வைத்திருக்கிறதோ, கற்பனை மனிதரின் சாவுக்கும் அவற்றையே எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் அது கடிதமாக வந்தது.

சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972இல் தொடங்கிய ‘மேஷ்’, கொரியப் போர்முனையில் இயங்கும் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவ முகாமைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். முகாமின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளேக். மீன்பிடிக்கும் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, நிர்வாகம் என்றால் காத தூரம் ஓடும் அப்பாவி. அந்த வேடத்தில் நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் மூன்றாம் பருவத்தோடு விலக முடிவு செய்தார். பாத்திரத்தை வழியனுப்புவதற்கு எழுதிய பகுதி 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பானது. ஹென்றியின் பணிக்காலம் முடிந்து ஊருக்குத் திரும்ப உத்தரவு வருகிறது. விருந்து, கிண்டல், முத்தம், கட்டிப்பிடிப்பு. ஹெலிகாப்டர் ஏறிப் போய்விடுகிறார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய இடம் அது.

அதற்குப் பிறகு ஒரு காட்சி. அறுவைச் சிகிச்சைக் கூடம். மருத்துவர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். எழுத்தர் ராடார் முகக்கவசம் இல்லாமல் உள்ளே வருகிறான். மாட்டிக்கொள் என்று ஒருவர் கடிந்துகொள்கிறார். அவன் கையிலிருக்கும் செய்தியை வாசிக்கிறான். ஹென்றி போன விமானம் ஜப்பான் கடல்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. யாரும் அலறவில்லை, கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை. மேசையில் கிடக்கும் சிப்பாயின் வயிறு திறந்திருக்கிறதே! கேமரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது. எங்கோ ஒரு கருவி தவறித் தரையில் விழும் ஓசை மட்டும் கேட்கிறது.

இந்தக் காட்சியின் பக்கத்தை இயக்குநர் லாரி கெல்பார்ட் நடிகர்களிடம் கொடுக்காமல் வைத்திருந்தார். மற்ற எல்லாம் எடுத்து முடிந்த பிறகு, படமாக்குவதற்குச் சற்று முன்புதான் பெரும்பாலானவர்களுக்கு விஷயம் தெரிந்தது. முதல் முறை எடுத்ததில் தொழில்நுட்பக் கோளாறு; மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாம் முறையில்தான் கருவி விழுந்தது. யாரும் திட்டமிட்டதல்ல. கெல்பார்ட் அதை வெட்டாமல் விட்டார். அந்த ஓசையை எந்த எழுத்தாளரும் யோசித்து எழுதியிருக்க முடியாது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. சிரிக்க உட்கார்ந்த எங்களை ஏன் இப்படி வதைத்தீர்கள், குழந்தைகளுக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று பலவற்றில் கோபம். தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் அதிருப்தி. கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸும் உட்கார்ந்து கைப்படப் பதில் எழுதினார்கள். போரில் எல்லோரும் வீடு திரும்புவதில்லை, பெயரில்லாமல் சாகிறவர்களுக்குப் பதிலாக ஒரு முறையாவது நமக்குத் தெரிந்த ஒருவர் சாக வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. ஒளிபரப்பாகிப் பதினேழாம் நாள், 1975 ஏப்ரல் 4 அன்று, சைகோனிலிருந்து அனாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அமெரிக்க ராணுவ விமானம் விழுந்து 130க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். அந்த மாத இறுதியில் சைகோன் வீழ்ந்தது. கொரியாவைச் சொல்லி வியட்நாமைப் பேசிய தொடர் அது என்பதை அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரசிகர்களின் துக்கத்தில் இந்த அளவுக்கு மரியாதை வைத்துப் பதில் சொன்ன படைப்பாளிகள் அபூர்வம். முடிவை மாற்றுவது வேறு, விளக்கம் தருவது வேறு. கெல்பார்ட் முதலாவதைச் செய்யவில்லை. இரண்டாவதைத் தன் கடமையாக நினைத்தார்.

ரசிகருக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான இந்தப் பந்தம் என்ன வகை என்பதை ஆய்வாளர்கள் முன்பே கவனித்துவிட்டார்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இலேயே, திரையில் வருபவரோடு பார்ப்பவருக்கு ஒருபக்க உறவு உண்டாவதைப் பற்றி எழுதினார்கள். அவர் நம் கூடத்தில் பேசுகிறார், நாம் அவர் குணம் அறிகிறோம், அவருக்கு நம்மைத் தெரியாது. 2004இல் இஸ்ரேலிய ஆய்வாளர் ஜோனாதன் கோஹன், உங்களுக்குப் பிடித்த பாத்திரம் இனி வராது என்றால் என்ன ஆகும் என்று பார்வையாளர்களிடமே கேட்டார். நிஜ உறவுகளில் பிரிவை அஞ்சுகிறவர்களே இதிலும் அதிகம் கலங்குவோம் என்றார்கள். அதாவது மனதுக்குள் இதற்கென்று தனி அறை கிடையாது. நண்பன் பிரிந்தால் வலிக்கும் இடத்திலேயே இதுவும் வலிக்கிறது. வேறுபாடு வெளியில்தான். மாமா செத்தால் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கும், பக்கத்து வீட்டார் காப்பி போட்டுக் கொண்டுவருவார்கள். ஹென்றி பிளேக் செத்தால் சிரிப்பார்கள். சமூகம் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்ற ஒன்றைப் பற்றிக் கென்னத் டோகா 1989இல் எழுதினார். அவர் மனதில் இருந்தது வேறு இழப்புகள். ஆனாலும் அந்தக் கருத்து இங்கே அச்சாகப் பொருந்துகிறது. துக்கத்துக்கு இடமில்லை என்னும்போது, மனிதர்கள் ஒன்றுகூடி இடத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

ஜப்பானில் அதை மிக வெளிப்படையாகவே செய்தார்கள். ‘அஷிதா நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைப் படக்கதையில் நாயகனின் எதிராளி ரிகிஷி, போட்டிக்காக உடல் எடையைக் கொடூரமாகக் குறைத்துக்கொண்டு, நாயகனை வென்ற கையோடு இறந்துபோகிறான். கதை தொலைக்காட்சிக்கு வரவிருந்த நேரம் அது. 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் பதிப்பகமான கோடான்ஷாவின் அரங்கிலேயே அவனுக்கு இறுதிச்சடங்கு நடந்தது. கவிஞரும் நாடகக்காரருமான தெராயாமா ஷுஜி முன்னின்று நடத்தினார். குத்துச்சண்டை மேடை அமைத்து, பௌத்தத் துறவி சூத்திரம் ஓத, சுமார் 700 பேர் அஞ்சலி செலுத்தினார்கள். வந்தவர்களில் யாருக்கும் ரிகிஷி மையால் வரையப்பட்டவன் என்பதில் குழப்பமில்லை.

வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தில் இன்றும் ஒரு மரச்சுவர் இருக்கிறது. பி.பி.சி.யின் ‘டார்ச்வுட்’ தொடரில் ரகசிய நிலையத்தின் வாசலாகக் காட்டப்பட்ட இடம். 2009 ஜூலையில் ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான பருவத்தின் நான்காம் இரவில் யான்டோ ஜோன்ஸ் இறந்தான். சக ஊழியர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும், எப்போதும் சூட் அணிந்த இளைஞன். ரசிகர்கள் அந்தச் சுவரில் பூ, கடிதம், கழுத்துப்பட்டை என்று கொண்டுவந்து கட்டினார்கள். பி.பி.சி.க்குக் காப்பிப் பொட்டலங்களை அஞ்சலில் அனுப்பினார்கள், அவன் பெயரில் குழந்தைகள் நல நிதிக்குப் பணம் திரட்டினார்கள். யான்டோ திரும்பி வரவில்லை. துறைமுக வணிக வளாக நிர்வாகமோ அந்தச் சுவரை அகற்றாமல் ஒரு பெயர்ப்பலகையும் வைத்துக் கொடுத்தது.

மனு ஏற்கப்பட்ட இடமும் உண்டு. ஸ்டார் பிளஸ்ஸில் 2000இல் தொடங்கிய ‘கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி’ தொடரில் சில மாதங்களிலேயே மிஹிர் விரானி செத்தான். வேடத்தில் இருந்தவர் அமர் உபாத்யாய். மறுநாளே தொலைபேசிகள் ஓயவில்லை. பெண்கள் அழுதுகொண்டே அழைத்தார்கள். கதை மிஹிரை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தது. அதன் பிறகு அந்தத் தொடரில் மட்டுமல்ல, அதன் வழியில் வந்த எண்ணற்ற இந்தித் தொடர்களிலும் சாவுக்கு மதிப்பே போய்விட்டது. யார் இறந்தாலும் வேறு முகத்தோடோ நினைவிழந்தோ வருவார் என்று பார்ப்பவர்கள் காத்திருக்கப் பழகினார்கள். 2025 ஜூலையில் தொடர் மறுபடி தொடங்கியபோது அதே அமர் உபாத்யாய் மிஹிராக வந்தார். ரசிகர்களுக்கு அது மகிழ்ச்சிதான், அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் பாக்கர் பாயை இப்படி எழுப்பியிருந்தால் முப்பது ஆண்டு கழித்து வங்கதேசத்தில் யாரும் அவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

எல்லா எழுத்தாளர்களும் ஹுமாயூன் அகமதுவைப் போல நேர்மையாகக் கொல்வதில்லை. சில சாவுகளில் ரசிகர்களின் கோபம் முழுக்க நியாயமானது. 2016 மார்ச் 3 அன்று அமெரிக்காவின் ‘தி ஹண்ட்ரட்’ தொடரில் லெக்ஸா இறந்தது அப்படிப்பட்டது. பன்னிரண்டு இனக்குழுக்களை ஒன்றிணைத்த போர்த்தலைவி, பெண்ணைக் காதலிக்கும் பெண். நாயகி கிளார்க்கோடு முதன்முறையாகக் கூடிய அடுத்த சில நிமிடங்களில், வேறொருவருக்கு வைத்த குண்டு தவறிப் பாய்ந்து சாகிறாள். நடிகை அலிசியா டெப்னம் கேரி வேறொரு தொடருக்கு ஒப்பந்தமாகியிருந்தார். பாத்திரம் போக வேண்டிய நிர்பந்தம் இருந்தது உண்மை. ஆனால் தன்பால் ஈர்ப்புள்ள இளம் பெண்களைப் பார்வையாளர்களாகச் சேர்ப்பதற்கு இந்தக் காதலை மாதக்கணக்கில் முன்னிறுத்தியிருந்தார்கள். பருவத்தின் நிறைவுப் பகுதிப் படப்பிடிப்பில் அந்த நடிகை இருப்பதையும் ரசிகர்கள் காணும்படி விட்டிருந்தார்கள். அவள் பிழைத்திருப்பாள் என்று நம்பாமல் எப்படி இருப்பார்கள்?

போதாக்குறைக்கு, இதே சாவை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார்கள். 2002 மே மாதம் ‘பஃபி’ தொடரில் டாரா என்ற பெண், காதலியோடு மீண்டும் இணைந்த சற்று நேரத்தில், தவறிப் பாய்ந்த குண்டுக்கே பலியானாள். பதினான்கு ஆண்டுகளில் குண்டுகூட மாறவில்லை. இந்த வகைப் பாத்திரங்களைச் சந்தோஷத்தின் வாசலில் கொன்றுவிடும் வழக்கம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எவ்வளவு ஆழமானது என்பதை லெக்ஸாவின் ரசிகர்கள் பெயர் பெயராகப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். அழுகையோடு ஆதாரமும் வைத்தார்கள். தற்கொலை எண்ணத்தோடு போராடும் தன்பால் ஈர்ப்புள்ள இளைஞர்களுக்கு உதவும் டிரெவர் ப்ராஜெக்ட் அமைப்புக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் ஜேசன் ராத்தன்பெர்க் மார்ச் 24 அன்று விரிவான மன்னிப்புக் கடிதம் வெளியிட்டார். அந்தச் சாவு நிகழ்ந்த விதத்தை மாற்றியிருக்கலாம் என்பதை அதில் ஒப்புக்கொண்டார்.

கனடாவில் ‘சேவிங் ஹோப்’ தொடரின் எழுத்தாளர்களும் தயாரிப்பாளர்களும் ஒரு படி மேலே போனார்கள். லெக்ஸாவின் பெயரிலேயே ஓர் உறுதிமொழியை எழுதிக் கையெழுத்திட்டார்கள். இத்தகைய பாத்திரங்களுக்குச் சொந்தமாகக் கதை இருக்க வேண்டும், மற்றவரின் கதையை நகர்த்துவதற்காக மட்டும் அவர்களைக் கொல்லக் கூடாது, எழுதும்போது அந்தச் சமூகத்தவரிடம் கேட்டறிய வேண்டும் என்பவை அதன் சாரம். எழுத்தாளனுக்குக் கைவிலங்கு போடுவதா என்று எதிர்ப்பும் எழுந்தது; தொழிலில் உள்ள பலர் கையெழுத்திட மறுத்தார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரையும் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டால் ஹென்றி பிளேக் காட்சியே பிறந்திருக்காது. ஆனால் உறுதிமொழியைக் கவனமாகப் படித்தால் அது சாவைத் தடைசெய்யவில்லை என்பது தெரியும். அது கேட்டது காரணம். கெல்பார்ட் ஆயிரம் கடிதங்களுக்கு உட்கார்ந்து எழுதிய அதே காரணம். மறு ஆண்டு மார்ச்சில் லாஸ் வேகாஸில் ரசிகர்களே கூட்டிய ‘க்ளெக்ஸாகான்’ மாநாட்டில், நடிகைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் வரிசைகளுக்குப் பக்கத்திலேயே, இப்படிப்பட்ட பெண்களை எப்படி எழுதுவது என்று தொழில்முறை எழுத்தாளர்களோடு அமர்வுகளும் நடந்தன.